மோகினிக்குப் பை கிடையாது

இன்று மதியம் அம்மா டர்னிப் கூட்டு வைத்தார். அடுப்பில் வைத்துவிட்டு திருச்சியிலிருந்து வந்த போனில் பேசிக்கொண்டே நின்றதால் அடிபிடித்துவிட்டது. நான் மாடியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். வாசனை படியேறி வந்தது. கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கசப்புமாக, ஈர மண்ணைச் சுட்டது போன்ற வாசனை. பூசணிக்காய் கருகினால் இப்படி இருக்காது. இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் இதை முகர்ந்திருக்கிறேன். போன வருடம் இதே நாட்களில், உன் வீட்டுக் குசினியில். குசினி என்ற சொல்லே நீ தந்ததுதான். எங்கள் வீட்டில் அது கிச்சன்.

புத்தகத்தை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அழுகை வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. பழகிவிட்டது. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், தொடுவது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. ஒரு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். ஆகவே இதில் பெரிய சொற்கள் எதுவும் இருக்காது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த பாதியும் தெரியாத பாதியும்.

தெரிந்த பாதி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கியது. 'பிடித்த பண்டிகை' பற்றி இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கட்டுரை எழுதிப் பேச வேண்டும். பாதி வகுப்பு தீபாவளியை எடுத்தது, மீதி வகுப்பு பொங்கலை எடுத்தது. முன் பெஞ்சில் இருந்த நீ திரும்பி, "ஹாலோவீன் செய்வமா?" என்றாய்.

"அதுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"சம்பந்தம் இல்லாட்டி உண்டாக்குவம்."

ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளையள், தமிழ் வகுப்பில பேய்ப் பண்டிகையோ? பொங்கலுக்கு என்ன குறை?" என்றார்.

நீ எழுந்து நின்றாய். "மிஸ், அது பேய்ப் பண்டிகை இல்லை. எங்கட கோயில் நாள். அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். அதுக்கு அடுத்த நாள் சகல ஆத்துமாக்கள் நாள். மன்னாரில எங்கட ஆக்கள் அண்டைக்குக் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவினம்."

"மெழுகுதிரி கொளுத்துறது வேற, வீடு வீடாப் போய் சொக்லேற் கேக்கிறது வேற."

"ரெண்டும் ஒண்டுதான் மிஸ். நாங்கள் காட்டுறம்."

காட்டுவதற்கு நூலகத்தில் மூன்று வாரம் இருந்தோம். எனக்கு அந்த மூன்று வாரமும் நாள் நேரத்தோடு நினைவிருக்கிறது. அயர்லாந்தின் பழைய மக்கள் வருடத்தை வெளிச்சப் பாதி, இருட்டுப் பாதி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள் என்று படித்தோம். அறுவடை முடிந்து, மலையில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டிவந்து, குன்றின் மேல் பெரிய தீ மூட்டுவார்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கும் அந்த இரவு எந்தப் பாதிக்கும் சொந்தமில்லை. அதனால் இறந்தவர்கள் வீட்டுப் பக்கம் வந்துபோக முடியும். வருகிறவர்களுக்கு வாசலில் சாப்பாடு வைத்தார்கள். கெட்டவை தங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று முகமூடி போட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த திருச்சபை அதே நாட்களில் புனிதர்களுக்கும் ஆத்துமாக்களுக்கும் திருநாள் வைத்தது. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே பொருள். அந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் சின்ன கேக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபம் சொல்வார்கள். சொக்லேற் கேட்பது அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்ததும் நீ மேசையில் தட்டினாய். நூலகர் நம்மைப் பார்த்தார்.

விளக்கு முதலில் பூசணியில் செய்யப்படவில்லை, டர்னிப் கிழங்கில்தான் குடைந்தார்கள் என்பது நான் கண்டுபிடித்தது. பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் அங்கே பூசணி பெரிதாகவும் குடைய மென்மையாகவும் இருப்பதைப் பார்த்து அதற்கு மாறிக்கொண்டார்கள்.

"எங்கட அம்மா முருங்கையிலை கிடைக்காம கேல் கீரையில வறை வறுக்கிற மாதிரி," என்றாய்.

இதில் உனக்கு ஒரே ஒரு கோபம்தான் இருந்தது. இது இருட்டுக் காலம் தொடங்கும்போது வரவேண்டிய பண்டிகை. மெல்பர்னில் அக்டோபர் கடைசி என்றால் வசந்தம். ரோஜா பூத்திருக்கும், ஏழரை மணிக்கும் வெயில் அடிக்கும், விளக்கு ஏற்றினால் எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். "கணக்குப்படி நாங்கள் இதை ஏப்ரல் கடைசியிலதான் செய்ய வேணும். ஆரும் வரமாட்டினம் எண்டபடியால் சும்மா இருக்கிறன்," என்று சொல்லிவிட்டுத் தும்மினாய். வசந்தம் முழுவதும் நீ தும்மிக்கொண்டுதான் இருப்பாய். பள்ளிப் பையின் பக்கவாட்டில் எப்போதும் அந்த நீல நிறப் பஃபர், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, இருக்கும். மூச்சு இழுத்தால் இரண்டு முறை அடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாய்.

டர்னிப்பைக் குடைவது லேசான வேலையாக இல்லை. உன் வீட்டுக் குசினி மேசையில் இரண்டு கரண்டிகளை வளைத்தோம். உன் அம்மா, எனக்கு அன்ரி, வந்து பார்த்தார்.

"நோக்கோலுக்குக் கண்ணும் மூக்கும் வெட்டுறியளோ? கறி வைக்கிற சாமான் அது."

"அம்மா, இது நோக்கோல் இல்லை. டர்னிப்."

"என்ன கோதாரியோ. என்ர கரண்டி ரெண்டும் போச்சு."

உள்ளே மெழுகுதிரி வைத்து மூடியதும் மூடியின் அடி கருகியது. அந்த வாசனைதான். பூசணி முகம் சிரிக்கும். இது சிரிக்கவில்லை, பல்லுக் கட்டாத கிழவர் போலப் பார்த்தது. அன்ரி சிலுவை போட்டுக்கொண்டு, "வெளியில கொண்டுபோய் வையுங்கோ," என்றார். வகுப்பில் விளக்கை அணைத்து அதை ஏற்றியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை கடைசியில், "சரி, பிள்ளையள் உழைச்சிருக்கினம்," என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அம்மாவிடம் அனுமதி வாங்க நான் இரண்டு நாள் கெஞ்சினேன். "பேய் வேஷம் போட்டுத் தெருவுல சுத்தணுமா? சரி, முதல்ல கேரம் டவுன்ஸ் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டுப் போ. ஏழரைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நாளைக்குக் காலைல டியூஷன்ல டெஸ்ட் இருக்கு," என்றார். அர்ச்சனைத் திருநீறோடு உன் வீட்டுக்கு வந்தேன். கேக் வாங்கிக்கொண்டு செபம் சொல்லும் அந்தக் காலத்து ஐரிஷ் ஏழை நான்தான். அப்பாவின் பழைய மழைக் கோட்டைப் போட்டிருந்தேன். அதில் வெளியே இரண்டு பை, உள்ளே இரண்டு பை.

நீ மோகினி. அன்ரி கோயில் பாடகர் குழுவில் உடுத்தும் வெள்ளைச் சீலையை உனக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார். தலைமுடியை விரித்துவிட்டிருந்தாய். சீலைக்கு நீலக் கரை இருந்தது. அன்ரி அதை உள்ளே மடித்து ஊசி குத்தினார். "கரை தெரிஞ்சுதெண்டா உன்னைக் கன்னியாஸ்திரி எண்டு நினைப்பினம்," என்றார். சிரிப்பில் அவர் கையிலிருந்த ஊசி தவறி உன் இடுப்பில் குத்த, நீ கத்த, மறுபடியும் சிரிப்பு. எத்தனை ஊசி என்று எண்ணினேன். பன்னிரண்டு. உனக்கு அதுதான் முதல் சீலை.

வெளியே வடக்கிலிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் நாய் வளர்க்கும் வெள்ளைக்காரப் பெண்மணி கதவைத் திறந்து, இவ்வளவு அழகான இளவரசியைப் பார்த்ததே இல்லை என்றார்.

"நான் பேயெண்டு சொல்லடி," என்று என் காதில் சொன்னாய்.

சொன்னேன். இவ்வளவு அழகாக இருக்கிறவள் பேயாக இருக்க முடியாது கண்ணே என்றார் அவர். என்னைப் பார்த்து, நீ துப்பறிவாளரா என்று கேட்டார். நான் அவருக்கு ஆத்துமாக் கேக்கைப் பற்றி ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். நாய் தூங்கிவிட்டது. நீ என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

அடுத்த வீட்டிலும் இளவரசி. அதற்கடுத்த வீட்டில் மணப்பெண். "வெள்ளைச் சீலையும் விரிச்ச தலையும் கண்டு பயப்பிடாத சனங்கள். இவையளோட என்னெண்டு வாழுறது?" என்றாய். உன் ஒரு கையில் சொக்லேற் வாளி. மறு கையில், காலைத் தடுக்கும் கொசுவம். அதோடு பஃபரையும் பிடித்திருந்தாய். அதை என்னிடம் நீட்டினாய்.

"பிடியடி. எனக்குக் கை காணாது. மோகினிக்குப் பொக்கெற் இல்லை."

நான் அதை உள்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டேன். பொருட்களைப் பத்திரமாக வைப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

ஏழரைக்கு முன்பே மேற்கே வானம் கறுத்தது. அம்மாவின் கார் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. "ஏறும்மா, உன்னையும் வீட்டுல விட்டுடறேன். மழை வரப்போகுது," என்று அம்மா உன்னிடம் சொன்னார்.

"வேண்டாம் அன்ரி. ஆறு வீடு தள்ளித்தானே. இருந்தா சீலை கசங்கிப்போம், அம்மா கொல்லுவா."

நான் ஏறிக்கொண்டேன். கார் திரும்பும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காற்று உன் முந்தானையைத் தலைக்கு மேல் தூக்கியது, முடி முகத்தை மூடியது. தெருவில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் நீ முதல்முறையாக உண்மையிலேயே பேய் போல இருந்தாய். நான் சிரித்தேன். அம்மாவிடமும் காட்டினேன்.

இதற்குமேல் உனக்குத் தெரியாத பாதி.

அந்த மாதிரிப் புயல்மழையில் காற்றிலிருக்கும் புல் மகரந்தம் நனைந்து உடைந்து, மிகச் சிறிய துகளாகி, மூச்சுக்குழலின் அடிவரை போய்விடும். இது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அன்று தெரியாது. நான் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கதவின் பின்னால் மாட்டி, முக்கோணவியல் கணக்குகளைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். நீ வீட்டு வாசலுக்கு வந்து விழுந்ததும், அன்ரி உன் பையையும் மேசையையும் கட்டிலையும் கவிழ்த்துப் பஃபர் தேடியதும், ஆம்புலன்ஸ் வந்ததும் காலையில் வந்த போனில்தான் தெரியும்.

உனக்கு நினைவு திரும்பவில்லை. சகல புனிதர் நாள் போனது. சகல ஆத்துமாக்கள் நாளும் போனது. கதை எழுதுகிறவர்கள் அந்த நாளில்தான் முடித்திருப்பார்கள். நீ செவ்வாய்க்கிழமை போனாய், குதிரைப் பந்தயத்துக்காக ஊருக்கே விடுமுறை விட்ட நாளில். ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது.

இறுதிச் சடங்குக்கு வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் பெட்டியின் பித்தளைக் கைப்பிடிகளைச் சொல்வேன். கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். சொல்லாமல் வந்தேன். வீட்டில் தலைக்குக் குளித்தேன்.

அப்பா கோட்டைக் கேட்டது பதினோராம் நாள். எடுத்துக் கொடுக்கும் முன் பைகளைத் தடவிப் பார்த்தேன், எப்போதும் செய்வதுபோல. உள்பையின் பொத்தான் போட்டபடியே இருந்தது.

அன்று நான் என்ன நினைத்தேன் என்று எழுத முயன்றேன். எதுவும் நினைக்கவில்லை. பஃபரை மேசை டிராயரில் வரைபடப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பாவிடம் கோட்டைக் கொடுத்தேன். அப்பா, "தேங்க்ஸ்டா," என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அன்ரி என்னைத் தேடி வந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு அவளின்ர கையில பஃபர் இருந்ததோ? பாத்தனியோ? வீட்டில இல்லை. ஆஸ்பத்திரியில தந்த பையிலயும் இல்லை."

"தெரியல அன்ரி."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தபோது அதுதான் இருந்தது. அன்ரி என் தலையைத் தடவினார். "ஓம், நீ எப்பிடிக் கவனிப்பாய். ஒவ்வொரு முறையும் வாசல்ல நிண்டு பஃபர் எடுத்தனியோ எண்டு கேக்கிறனான். அண்டைக்குச் சிரிப்பில கேக்கேல்ல," என்றார்.

கேட்கவில்லைதான். ஆனால் நீ எடுத்திருந்தாய். அது எனக்கு மட்டும் தெரியும்.

அதன்பிறகு கோடை, பள்ளி, பத்தாம் வகுப்பு. ஒருநாள் செய்தியில் புயல் ஆஸ்துமா பற்றிச் சொன்னபோது அப்பா, "அந்த மாதிரி வந்தா பஃபர் மட்டும் போதாதாம்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அதை என் நோட்டில் எழுதிவைத்தேன். அடிக்கடி எடுத்துப் படித்தேன். போதாது என்பது ஒன்று, இல்லை என்பது வேறொன்று. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு போனது போதுமா போதாதா என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

செப்டம்பரில் அம்மா டாண்டினாங் கடையில் அன்ரியைப் பார்த்துவிட்டு வந்தார். காய்கறியை அடுக்கிக்கொண்டே சொன்னார். "பாவம், பாதி ஆளாயிட்டாங்க. மாசா மாசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஃபாதர்கிட்ட ஒரே விஷயத்தையே சொல்றாங்களாம். மருந்து குடுக்காம பிள்ளையை அனுப்பிட்டேன்னு. போதும்மா, இது பாவமே இல்லைன்னு அவர் சொல்லியும் விடலையாம்."

நான் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் செய்ததை அன்ரி தன் பாவமாக மாதா மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தம் என்று ஒன்று வந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இது தவறான விடை என்று தெரிந்தது. என் விடையை அவர் தன் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். திருத்தாமல் விட முடியாது.

அப்படி நினைத்தும் ஆறு வாரம் விட்டேன்.

போன வாரம் சனிக்கிழமை ஹாலோவீன். அம்மாவிடம் அன்ரியைப் பார்க்க வேண்டும் என்றேன். உங்கள் தெருவில் இறக்கிவிட்டார். தெரு முழுக்கப் பிள்ளைகள், வெயிலில் வியர்த்த எலும்புக்கூடுகள். உன் வீட்டு வாசலில் எதுவும் தொங்கவில்லை, ஆகவே பிள்ளைகள் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் மணியடித்தேன்.

அன்ரி சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார். சீலை மாற்றவில்லை. குசினி மேசையில் திங்கட்கிழமை கல்லறைக்குக் கொண்டுபோக மெழுகுதிரிகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு வருவாய் எண்டு நினைக்கேல்ல. அந்தக் கதிரையில இரு பிள்ளை. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அன்ரி. ஒண்ணு குடுக்கணும்."

பஃபரை மெழுகுதிரிகளுக்கு நடுவே வைத்தேன். அன்ரி அதை என்னவென்று கேட்கவில்லை.

"எங்க கிடந்தது?"

"எங்கிட்டதான். அன்னைக்கு அவ எங்கிட்டக் குடுத்தா, சேலைல பாக்கெட் இல்லைன்னு. கோட்டுல வச்சுட்டு, அப்படியே கார்ல ஏறிட்டேன்."

"எப்ப கண்டனீ?"

"பதினோரு நாள் கழிச்சு."

"நான் முப்பதாம் நாள் கேட்டனான்."

"ஆமா."

"தெரியாது எண்டனீ."

"ஆமா அன்ரி."

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் சொக்லேற் கேட்டுக் கத்தினார்கள். கதவு திறந்தது, மூடியது.

"ஒரு வருசம்," என்றார் அன்ரி. குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வீட்டு வேலிக்குள்ளயும் பாத்தனான். மழைத்தண்ணி ஓடுற கானுக்குள்ள கை விட்டுப் பாத்தனான். அந்த நாய்க்கார மனிசியட்டப் போய், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கேட்டனான். என்னைத் தேடவிட்டிட்டு நீ வீட்டில வச்சிருந்தனீ."

"மன்னிச்சிடுங்க அன்ரி." வகுப்பில் வாசிப்பதுபோல வந்தது குரல். அதற்கும் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அழமாட்டியோ நீ?"

"வரல அன்ரி."

"எனக்கும் இப்ப வாறேல்ல," என்றார்.

பஃபரை எடுத்து மூடியைக் கழற்றினார், மூடினார். எழுந்து அடுப்புப் பக்கம் போனார். கேத்தலை எடுக்கக் கை வேண்டுமே, பஃபரைச் சீலையின் இடுப்புக் கட்டுக்குள் செருகினார். சாவியையும் கைக்குட்டையையும் பெண்கள் செருகுவார்களே, அப்படி, பார்க்காமலே. செருகிய பிறகு கை அங்கேயே நின்றது. நானும் பார்த்தேன். அது விழாமல் இருந்தது. சின்னதாக, கச்சிதமாக, இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதுபோல.

"இதில வைக்கலாமே," என்றார்.

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"சீலை உடுத்தினா எல்லாம் இதிலதானே வைக்கிறது. காசு, சாவி, எல்லாம். பொக்கெற் எதுக்கு?"

"எங்களுக்குத் தெரியாது அன்ரி. ரெண்டு பேருக்குமே தெரியாது."

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும். ஜீன்ஸ் போட்டு வளந்த பிள்ளையள்." கேத்தலை வைத்துவிட்டார். "பன்னிரண்டு ஊசி குத்தினனான். இடுப்பில சொருகடி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல."

அதன்பிறகு, "இப்ப போ பிள்ளை. கோவத்தில சொல்லேல்ல. எனக்குக் கொஞ்சம் தனிய இருக்க வேணும்," என்றார்.

காரில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "ஏண்டி எங்கிட்டச் சொல்லல? ஒரு வருஷமா ஒரே வீட்டுலதானே இருக்கோம்," என்று கேட்டார். அம்மா எனக்காக அழுதார்.

அன்ரி இனி என்னைக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு போன் வந்தது. "பின்னேரம் சேமக்காலைக்குப் பிள்ளையைக் கொண்டு வாங்கோ," என்றாராம். சேமக்காலை என்றால் கல்லறைத் தோட்டம். அதுவும் உங்களிடமிருந்து கற்ற சொல்தான், ஆனால் கற்றுக்கொடுத்தது நீ இல்லை.

போன வருடம் நாம் கட்டுரையில் எழுதியதை அங்கேதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். மன்னார்க்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், எல்லோரும் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அண்மையில் நடந்த தம்பியின் கலியாணத்தைப் பற்றி ஒரு கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மெழுகு உருகுவதை விரலில் எடுத்து விளையாடின. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். பயமுறுத்தும் எதுவும் இல்லை. வெயில் இருந்தது. நாலு தீக்குச்சி செலவழித்து உன் மெழுகுதிரியை ஏற்றினோம்.

அன்ரி கல்லைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். "இனி அதை நான் ஃபாதரிட்டச் சொல்லமாட்டன். நான் குடுக்காம அனுப்பேல்ல எண்டு இப்ப தெரியும். உன்ர பேரையும் சொல்லமாட்டன்."

"சரி அன்ரி."

"கோவம் போகேல்ல. அதையும் சொல்லுறன். அது எப்ப போமோ தெரியாது. ஆனா நீ வரவேணும். நீ வராட்டி அவளைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆர் இருக்கினம்?"

"வருவேன்."

"சரி. இப்ப அவளோட கதை. நான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான்."

யாரிடமாவது பேசுவதென்றால் முதலில் கூப்பிட வேண்டும். ஒரு வருடமாக நான் உன் பெயரைச் சொன்னதில்லை. வீட்டில் 'அவ' என்பார்கள், நானும் 'அவ' என்பேன். இதில்கூட எழுதவில்லை, கவனித்திருப்பாய். குனிந்து கல்லைப் பார்த்துக் கூப்பிட்டேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஓம்?" என்று பதில் வந்தது.

என் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கல்லறை தள்ளி ஒரு சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், மெழுகு ஒட்டிய விரல்களோடு என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னையோ கூப்பிட்டனீங்கள்?" என்றாள்.

"இல்லம்மா, உன்னை இல்ல."

"அப்ப ஆரை?"

நான் கல்லைக் காட்டினேன். அவள் கிட்ட வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தாள். அன்ரி துடைப்பதை நிறுத்தியிருந்தார். "என்ர பேர்," என்று அவள் மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

"ஆமா," என்றேன்.

அப்போது தூரத்திலிருந்து அவளுடைய அம்மா அவளைக் கூப்பிட்டார். அந்தப் பெயரை, முழுதாக, சேமக்காலை முழுவதும் கேட்கும்படி, சாப்பிட வராத பிள்ளையைக் கூப்பிடும் அதே குரலில். அன்ரியின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. என்னுடையதும் திரும்பியது. "வாறன் அம்மா!" என்று கத்திக்கொண்டு அவள் கல்லறைகளுக்கு நடுவே ஓடினாள்.

அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. நகம் பதிந்து வலித்தது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தடம் ஆறு நாளில் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கொஞ்சம் அழுத்தினால் இன்னும் வலிக்கிறது.